பாட ஆசிரியர் கேட்டும், அலுவலர் ஒருவரின் பேச்சு குறித்தும் மாவட்ட ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஆதிதிராவிடர் நல நடுநிலைப் பள்ளி.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கணக்கு, அறிவியல் ஆசிரியர் நியமிக்கக் கோருதல் – பள்ளி விழாவில் அலுவலர் பேசியது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அம்பேத்கர் பிறந்த நாளான சமத்துவ நாள் உறுதிமொழி எடுக்க எங்கள் பள்ளிக்கு ஓர் அலுவலர் வந்திருந்தார். ஏப்ரல் 14 விடுமுறை என்பதால் முந்தைய வேலை நாளிலேயே நடந்தது. உறுதிமொழி முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மைக் பிடித்து, “நான் நீதிபதி ஆவேன். ஹைகோர்ட்டில் எங்களைப் போன்றவர்கள் குறைவு” என்று நாலு வரி பேசினாள். அலுவலர் மைக்கை வாங்கி, “ஜட்ஜ் எல்லாம் திறமையில வர்ற பதவி. இங்க எட்டாவதுக்கே வகுத்தல் கணக்கு வரல, அதுக்குள்ள ஹைகோர்ட்டா? உங்க ஆளுங்களுக்குச் சலுகை குடுத்துக் குடுத்தே இப்படி ஆகிப்போச்சு” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிள்ளை மேடையை விட்டு இறங்கிப்போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டது.

வகுத்தல் கணக்கு வராதது உண்மைதான். அதை நாங்கள் மறைக்கவில்லை.

கணக்கு வாத்தியார் மாறுதலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் ஒரே அறையில். கரும்பலகையில் சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்து மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாவது தமிழ்ச் செய்யுளைக் கூட்டாக ஒப்பிக்கும்போது, எட்டாவது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். எமிஸ் செயலியில் வருகை பதிய சிக்னல் கிடைக்காமல் தலைமையாசிரியர் செல்போனோடு வேப்பமரத்தடியில் நிற்பார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆறு முதல் எட்டு வரை கணக்கு–அறிவியல், சமூக அறிவியல், மொழி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. நாங்கள் கேட்பது சலுகை அல்ல, அந்தச் சட்டம் சொல்லும் ஆள்.

அந்தப் பிள்ளை சொன்னதும் தப்பில்லை. 2018 முதல் 2022 டிசம்பர் வரை நாட்டின் உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை; சுமார் 79 விழுக்காடு பொதுப்பிரிவினர். இது ஒன்றிய சட்ட அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் கொடுத்த கணக்கு. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நியமனத்தில் இட ஒதுக்கீடே கிடையாது. இல்லாத சலுகையைக் கொடுத்துக் கொடுத்து எப்படிக் கெட்டுப்போவது? உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி ஏ. வரதராஜன், 1980-இல் பதவியேற்றவர், நம் தமிழ்நாட்டுக்காரர். அந்த மேடையில் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுங்கள் என்றார்கள் சிலர். குழுக் கூட்டத்தில் பேசிப் பார்த்து, இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பிள்ளையைச் சாட்சி சொல்ல அலைய விட எங்களுக்கு இஷ்டமில்லை. ஆனால் அவர் பேசியதை எழுத்தில் விசாரித்து, பள்ளி நிகழ்ச்சிகளில் மாணவர்களின் சாதியைச் சுட்டிப் பேசக் கூடாது என்று எல்லா அலுவலர்களுக்கும் தாங்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

பெயர்ப் பலகை பற்றியும் ஒரு வார்த்தை. 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. 2025-இல் அரசு மாணவர் விடுதிகள் ‘சமூகநீதி விடுதி’ ஆயின. எங்கள் பள்ளிப் பலகை ‘ஆதிதிராவிடர் நல’ என்று அப்படியே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் இன்றைக்கும் “காலனி ஸ்கூல் எறங்கு” என்றுதான் குரல் கேட்கிறது. பலகையை மாற்றச் சொல்லி அரசுக்குத் தாங்கள் எழுத வேண்டும். ஆசிரியர் முதலில், பலகை பிறகு என்றாலும் சம்மதம்தான்.

போன முறை திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனுவுக்கு, “பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு வரிப் பதில் வந்தது. இந்த முறை தாங்களோ அந்த அலுவலரோ, விழா எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் வந்து, எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் உட்கார வேண்டுகிறோம். நாற்காலி போடுகிறோம், மாலை மரியாதை இருக்காது.

அந்தப் பிள்ளை ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர் போய்விடும். அவள் இடத்துக்கு ஏழாவதிலிருந்து பதினோரு பேர் வருகிறார்கள். பள்ளி திறப்பதற்குள் கணக்கு ஆசிரியர் ஒருவரையாவது அனுப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மற்றும் பெற்றோர்கள்

இணைப்பு: குழுத் தீர்மான நகல், முந்தைய மனுவின் ரசீது நகல்.