உடையைக் கிட்டே வந்து பாருங்கள்

காஸ்பிளே (கதைப் பாத்திரம் போல உடையணிந்து வருகிற) போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் குழுவில் நம் பிள்ளைகளும் ஓடியாடி வேலை செய்ததைப் பார்த்தேன். அவர்கள் படித்து மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். போன சனிக்கிழமை மேடையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பரிசு யாருக்குப் போனது என்பதில் எனக்கு வருத்தமில்லை. என் மகள் கவசத்தோடு வந்து நின்றதும் நடுவர் ஒருவர் மைக்கில் கேட்டது ஒரே கேள்வி: "எங்கே வாங்கினாய்?" அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கே வாங்கியது என்று நான் சொல்கிறேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள் நான். அந்தக் கவசம் என் வீட்டுக் கூடத்தில் உருவானது.

முதலில் அவள் உடம்பைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டினோம். தையல் எங்கே வரவேண்டுமோ அங்கே நான் பேனாவால் கோடு போட்டேன். கத்தரித்துக் கழற்றினால் அதுதான் பாட்டர்ன். அதை ஈவா ஃபோம் என்கிற தடித்த நுரைத் தாளில் வைத்து வெட்டினாள். தட்டையான ஃபோம் நெஞ்சில் வளைந்து உட்காரவில்லை. "ரவிக்கைக்கு டார்ட் பிடிக்கிற மாதிரி பிடி" என்றேன். துணியென்றால் மிச்சத்தை உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். ஃபோமை மடிக்க முடியாதே! முக்கோணமாக வெட்டி எடுத்து, இரண்டு விளிம்பிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்க்க வேண்டும். பிடித்தால் பிடித்ததுதான், நகர்த்த முடியாது. இடது தோளை மூன்று தடவை வெட்டி எறிந்தாள். சூடான காற்று வீசும் ஹீட் கன் பட்டு விரல் கொப்பளித்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லை. போன சனிக்கிழமை காரில் அழுதாள்.

பத்துமலைத் தைப்பூசத்துக்குக் காவடி கட்டுகிற என் தம்பி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பாரத்தைத் தோளில் நிறுத்தாதே அம்மா, இடுப்புக்கு இறக்கு" என்று உள்ளே ஒரு பெல்ட் வைத்துக் கொடுத்தான். அதனால்தான் அவளால் நாள் முழுக்க நிமிர்ந்து நடக்க முடிந்தது. அந்த பெல்ட்டும் டார்ட்டும் 20 அடி தள்ளிப் போட்ட நடுவர் மேசையிலிருந்து எப்படித் தெரியும்?

நான் கேட்பது இதுதான். மேடைக்கு அனுப்பும் முன், ஒவ்வொரு போட்டியாளரின் உடையையும் நடுவர்கள் ஐந்து நிமிடம் கிட்டே வந்து பார்க்கட்டும். தொட்டுப் பார்க்கட்டும், உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். செய்யும்போது எடுத்த படங்களைப் பிள்ளைகள் போனில் காட்டட்டும். வாங்கிய உடையில் வருகிறவர்களும் அந்தப் பாத்திரத்தின் மேல் ஆசைப்பட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்கும் ஒரு பிரிவு வையுங்கள். கைவேலையை மட்டும் அதோடு சேர்த்து எடைபோடாதீர்கள்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த வழக்கமில்லை. ஜப்பானில் நகோயாவில் 2003-இல் தொடங்கிய உலக காஸ்பிளே உச்சிமாநாட்டில் போட்டியாளர்கள் தங்கள் உடையைத் தாங்களே செய்திருக்க வேண்டும். மலேசியாவும் அங்கே குழு அனுப்பியிருக்கிறது. அதற்கும் எத்தனையோ காலம் முன்பு, 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ரசிகர்களான ஃபாரஸ்ட் ஆக்கர்மேனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடையில் போனார்கள். இரண்டு உடையும் மிர்ட்டிலின் கைவேலை. ஆக்கர்மேனைத் தெரிந்த அளவுக்கு அந்த அம்மாவை யாருக்கும் தெரியாது. 80 வருடத்துக்கு மேலாகியும் தைத்த கையை நாம் கேட்பதே இல்லை.

தையல்காரிக்கு இது பழகிய வலிதான். துணிக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறவர்கள் தையல் கூலி 60 என்றதும் முகம் மாறுவார்கள். ஆனால் அது என் கடைக் கதை. 19 வயதுப் பிள்ளை முதல் தடவை மேடை ஏறும்போதே அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

சரி, மறுபடி உங்கள் விழாவைப் பற்றியே பேசுகிறேன். மனதார ரசித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மலாய்ப் பெண் தலையை மூடிக் கட்டும் தூடோங் துணியையே பாத்திரத்தின் நீலக் கூந்தலாக மாற்றியிருந்தாள். மடிப்பு மடிப்பாக அடுக்கி, காதோரம் கூந்தல் கற்றை விழுவது போலக் குத்தியிருந்தாள். கிட்டே போய் 14 ஊசி வரை எண்ணினேன். நான் எண்ணுவதைப் பார்த்து, திரும்பி நின்று பின்பக்கத்தையும் காட்டினாள். அட்டைப் பெட்டியில் இயந்திர மனிதன் செய்து வந்த பையனுக்குப் பக்கத்தில் அவன் அம்மா நின்று விசிறிக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளைகளுக்கும் மேடையில் கிடைத்தது அரை நிமிடம்தான்.

எரிச்சலில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை, மண்டப வாடகை, நேர நெருக்கடி என்று ஆயிரம் இருக்கும். ஆனாலும் அடுத்த விழாவுக்குப் பதிவு திறக்கும் முன்னால் அந்த ஐந்து நிமிடத்தை விதிமுறையில் சேர்த்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மேசை இல்லையென்றால் என் கடையில் துணி வெட்டுகிற பெரிய மேசை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அது சும்மாதான் கிடக்கும், கொண்டுவந்து தருகிறேன். தையல் தெரிகிற மாதிரி நல்ல வெளிச்சத்துக்கு மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

நன்றியுடன்,
பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு தையல்காரி