பேரனின் கடைவாய்ப் பல்

பாடாங் செராய், கெடா.

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். பேரனின் பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வரவிருக்கிறது. பெற்றோர் கையொப்பமிட வேண்டிய ஒப்புதல் படிவத்தை வகுப்பாசிரியை கொடுத்தனுப்பியிருக்கிறார், இத்துடன் இணைத்துள்ளேன். "பால்பல்தானே அப்பா, எப்படியும் விழப்போகிறது, அதை ஏன் துளைக்க வேண்டும்?" என்று தொலைபேசியில் கேட்டாய். நீ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. நின்று பேச முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அவனுக்குச் சொத்தையாகியிருப்பது கீழ்வரிசையில் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பல். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவதைப் பார்த்துப் பால்பற்கள் எல்லாமே அப்போது போய்விடும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். இந்தப் பல்லோ பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டியது. அதுவரை அவன் மெல்லுவதற்கு மட்டுமின்றி, அடியில் உருவாகிவரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதற்கும் அது தேவை. முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாய்ந்துகொள்ளும். பிறகு வருகிற பல் வழியில்லாமல் கோணலாக முளைக்கும். சீழ் பிடித்தால் அடியிலிருக்கும் பல்லையும் அது கெடுக்கக்கூடும். இப்போதே சோற்றை வலப்பக்கம் ஒதுக்கித்தான் மெல்கிறான். கேட்டால் வலிக்கவே இல்லை என்று சாதிக்கிறான். ஊசிக்குப் பயந்து சொல்வது எனக்குத் தெரியாதா?

இதைவிட எனக்குக் கவலை தருவது அதற்குப் பின்னால் இருக்கும் பல். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு பாதி மூடியிருக்க, வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய பல் மேலே வந்துகொண்டிருக்கிறது. எந்தப் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப்பல். போனால் வேறொன்று முளைக்காது. அதன் மேற்பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களுக்குள் பிரஷ் நாரே நுழையாது என்பதால், சொத்தை விழுமுன் அந்தப் பள்ளங்களை ஒரு பூச்சால் அடைத்துவிடுகிறார்கள். இதற்கு ஊசியும் இல்லை, துளைப்பதும் இல்லை. பள்ளிக்கு வரும் குழுவினர் இதையும் செய்வார்கள், கட்டணமும் கிடையாது. நான் ஆசிரியராக இருந்த நாளில் 'பல் மிஸ்ஸி' என்று நாங்கள் அழைத்த பல் மருத்துவத் தாதி வந்துவிட்டார் என்றாலே பாதி வகுப்பு கழிவறையில் ஒளிந்துகொள்ளும். அந்தத் தாதியருக்கு 1949 முதலே பினாங்கில் பயிற்சிப் பள்ளி நடந்துவருகிறது. பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதே அவர்கள் தொழில் என்பதால், தயங்காமல் அவர்களிடம் விடலாம்.

நம் பிள்ளைக்கு மட்டும் வந்த குறை என்று நீ மனம் நோகாதே. 2015ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 71 பேருக்குச் சொத்தை இருந்தது. உன் அம்மா இன்னும் பூச்சி அரித்துவிட்டது என்றுதான் சொல்கிறாள். அரிப்பது பூச்சியன்று. பல்லில் படியும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைச் சுரக்கின்றன. அந்த அமிலத்தை உமிழ்நீர் தணித்துப் பல்லை மீட்க ஏறத்தாழ அரைமணி நேரமாகிறது. அதற்குள் இன்னொரு வாய் இனிப்பு போனால் மீட்பு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை முறை தின்றான் என்பதையே நான் பார்க்கிறேன். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்றுவிட்டுப் போகட்டும். பள்ளி வேனில் ஏறியது முதல் ஓய்வு நேரம் வரை சிரப் தண்ணீரை வாய் வாயாக உறிஞ்சுவதுதான் பல்லுக்கு எமன். அந்தப் புட்டியில் இப்போது வெறும் தண்ணீர்தான் போகிறது. படுக்கும்போது கெட்டிப்பால் ஊற்றிக் கொடுத்துவந்த மைலோவையும் சாயங்காலத்துக்கு மாற்றியாயிற்று. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும் என்பதால் இரவில் பல் துலக்காமல் அவனைப் படுக்க விடுவதில்லை. அவன் துலக்கிய பிறகு நானும் ஒருமுறை துலக்கிவிடுகிறேன். அந்த வயதுக் கைக்குக் கடைவாய் எட்டாது. பட்டாணி அளவு பற்பசை போதும். நுரையைத் துப்பிய பின் வாய் கொப்பளிக்க வேண்டாம், பல்லை உறுதியாக்க பற்பசையில் சேர்த்திருக்கும் ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும்.

மாப்பிள்ளை தண்ணீர் வடிகட்டி வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். அவருடைய அக்கறைக்கு மகிழ்ச்சி. ஆனால், எதிர்ச் சவ்வூடு பரவல் (RO) முறையில், அதாவது மிக நுண்ணிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தி வடிகட்டும் வகையென்றால் வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல். சொத்தையைக் குறைப்பதற்கென்றே 1972 முதல் நாட்டின் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கும் திட்டம் நடக்கிறது. அவ்வகை வடிகட்டி அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். டவுனில் காசு போட்டுப் பிடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். நாங்கள் குழாய்த் தண்ணீரையே கொதிக்க வைத்துக் குடிக்கிறோம்.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். சிறுவயதில் ஏதோ ஒரு மருந்துக்கு அவனுக்கு உடம்பெல்லாம் தடித்ததே, அதன் பெயரை மறக்காமல் எழுது. கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் படமெடுத்து அனுப்பினாலும் போதும், எதிர்க் கடையில் அச்செடுத்துக் கொடுத்துவிடுகிறேன். குழுவினர் வரும் வாரத்தில் நீ விடுப்பெடுத்து வர வேண்டியதில்லை; நான் பள்ளியில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா