படிப்பகத் திருப்பணி நிறைவு: அங்கத்தினர்களுக்குச் செயற்குழுவின் அறிக்கை

அங்கத்தினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்ரீரங்கத்தில் நம் படிப்பகக் கட்டடத்தின் மராமத்து முடிந்துவிட்டது. கோவிலுக்குத்தானே திருப்பணி, நமக்கெதற்கு அந்தச் சொல் என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். இந்த ஊரில் வெள்ளையடித்தாலும் திருப்பணிதான் சார் என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. அப்படியே வைத்துக்கொண்டோம்.

மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைத் தளத்தைக் கொத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டை ஓடு பதித்தாயிற்று. கரையான் அரித்த உத்திரங்களை மாற்றினோம். கொள்ளிடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் சுவரில் ஓதம் ஏறாமல் இருக்காது என்று கொத்தனாரே கையை விரித்துவிட்டதால், அலமாரிகள் இனிச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே நிற்கும். வரவு செலவு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதும் யோசனையை, வெளிச்சம் வேண்டும் என்பதால் கைவிட்டோம்.

பணம் கட்டடத்துக்குப் போயிற்று. நேரமெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டிக்குப் போயிற்று. உள்ளூர்க்காரர்கள் பல காலமாக நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகள் அதில் இருந்தன. கவிஞர் வாலி இளவயதில் இங்கே நடத்திய ‘நேதாஜி’யின் முதல் பிரதியைக் கல்கி வெளியிட்டார் என்பது ஊரறிந்த செய்தி. அது நம் பெட்டியில் இல்லை. தினம் ஒருவர் வந்து கேட்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருப்பவற்றைத் தட்டச்சு செய்த பெண், ஒரு கதையில் நின்றுவிட்டார். இரண்டு நண்பர்கள் ‘மொட்டைக் கோபுரத்தடியில்’ சந்திப்பதாக வருகிறது. “அது எங்கே இருக்கு சார்?” என்றார். தினமும் அதன் வழியாகத்தான் வேலைக்கு வருகிறார்! 13 நிலை, 236 அடி ராஜகோபுரத்துக்கு 1987இல் கும்பாபிஷேகம் ஆகும்வரை, சில நூற்றாண்டுகளாக அது அடித்தளத்தோடு நின்ற மொட்டைதான். அடிக்குறிப்பு போடலாமா என்று இரண்டு கூட்டங்கள் சண்டை போட்டோம். ‘பாலம் தாண்டி’ என்றால் திருச்சி டவுன் என்று எழுதிக் காட்டுவது கேவலம் என்றார் ஒரு பெரியவர். எழுதாவிட்டால் உங்களோடு போய்விடும் மாமா என்றார் அந்தப் பெண். பெண் சொன்னதே நின்றது. குறிப்புகளை அந்தப் பெரியவரே எழுதித் தந்தார், கதைகளைவிட நீளமாக. 2018 வெள்ளத்தில் இடிந்த பழைய கொள்ளிடம் பாலத்துக்கு மட்டும் மூன்று பக்கம்.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். இதழ்களின் ஓரத்திலும் கடைசித் தாள்களிலும் வாசகர்கள் கருத்து எழுதுவது வழக்கம். “இந்தக் கதையில் வரும் மாமி யாரென்று எங்கள் தெருவுக்கே தெரியும். அடுத்த இதழில் மன்னிப்புக் கேட்கவும்” என்று ஒன்று. கீழே வேறு மையில், “கேட்க முடியாது.” யார் யாரைப் படித்தார்கள், யாரோடு பேச்சு முறிந்தது என்பதெல்லாம் அந்த ஓரங்களில்தான். பைண்டிங்குக்குக் கொடுத்தபோது ஓரத்தை வெட்டக்கூடாது என்று நாங்கள் சொல்ல மறந்தோம். பைண்டர் தொழில்முறைப்படி மூன்று பக்கமும் சீராக வெட்டிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை.

விஷயம் தெரிந்த அன்றே ஓடிப்போய், கடைத்தரையில் கிடந்த துண்டுகளை ஒரு சாக்கில் அள்ளி வந்தோம். படிப்பகத்தின் பெரிய மேசையில் பரப்பி வைத்திருக்கிறோம். தாத்தா, பாட்டியின் கையெழுத்தை அடையாளம் தெரிந்தவர்கள் மாலையில் வந்து பொருத்தித் தர வேண்டும். மின்விசிறியைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்