ஹாட் ராட் வி-8இல் பிறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய காரின் இன்ஜினைத் திருத்தி வேகமாக ஓட வைக்கும் அமெரிக்க ஹாட் ராட் கார்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் இந்தப் பொருளைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் இரண்டு இடங்கள் மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. 1932இல் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி-8 இன்ஜின் வந்த பிறகுதான் இளைஞர்கள் வேகத்தைத் தேடப் புறப்பட்டார்கள், அதற்கு முந்தைய நாலு சிலிண்டர் இன்ஜின்கள் வேகத்துக்கு லாயக்கில்லாதவை என்று கட்டுரை சொல்கிறது. கூடவே 1929ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் ஒன்றின் படத்தைப் போட்டு, 'பழமை மாறாமல் புதுப்பிக்கப்பட்டது' என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். படத்தில் பானெட் திறந்திருக்கிறது. உள்ளே இருப்பது இக்காலத்து வி-8. அந்த வண்டியோடு பிறந்த இன்ஜின் எங்கே போனது?

கலிபோர்னியாவில் ஒரு மெஷின் ஷாப்பில் 27 ஆண்டுகள் கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கிரைண்டிங் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டு கராஜில் இதுவரை நான்கு பழைய ஃபோர்டு இன்ஜின்களைப் பிரித்து, திருத்தி, திரும்பச் சேர்த்து ஓட வைத்திருக்கிறேன். எல்லாமே நாலு சிலிண்டர். ஐந்தாவது, 1931ஆம் ஆண்டு மாடல் ஏ இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக், இதை எழுதும்போது பக்கத்தில் ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டியிருக்கிறது. லாயக்கில்லாதது என்ற சொல்லைப் படித்ததும் அதைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

முதலில் வரலாறு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான மாடல் டி கார்களை ஃபோர்டு செய்தது. 177 கன அங்குல இன்ஜின், 20 குதிரைத்திறன். 1925இல் புத்தம்புது ரனபவுட்டே (இரண்டு பேர் உட்காரும் மாடல் டி) 260 டாலர்தான் என்றால், அடிபட்ட பழைய வண்டி என்ன விலைக்குப் போயிருக்கும் என்று பாருங்கள். கையில் காசில்லாத பையனுக்கு எட்டிய கார் அது ஒன்றுதான். எட்டியதை வேகமாக ஓட்டத்தானே தோன்றும்!

செவ்ரோலே என்றால் ஃபோர்டின் போட்டி நிறுவனம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவரான லூயி செவ்ரோலேயும் அவர் தம்பி ஆர்தரும்தான் மாடல் டி இன்ஜினுக்கு ஃப்ரான்டெனாக் என்ற ஓவர்ஹெட் வால்வு ஹெட்டை (வால்வுகளைத் தன்னுள் கொண்டு சிலிண்டர்களின் மேல் மூடியாக அமைவது) செய்து விற்றார்கள். 1923ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், அந்த ஹெட் பூட்டிய ஃபோர்டை ஓட்டிய எல்.எல். கோரம் ஐந்தாவதாக வந்தார். பந்தயத்துக்கென்றே கட்டிய விலையுயர்ந்த கார்களுக்கு நடுவே, ஊரெல்லாம் ஓடும் வண்டியின் இன்ஜினை வைத்துக்கொண்டு ஐந்தாம் இடம்! விஸ்கான்சின் மாநிலத்து ரஸீன் நகரில் ஜோ ஜாகர்ஸ்பெர்கர் செய்த ஹெட்டுக்கு 'ராஜோ' என்று பெயர்: ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும் தன் பெயரும். கலிபோர்னியாவில் எட் வின்ஃபீல்ட், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரும் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்டும் செய்தார். அவர் கேமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. ஜார்ஜ் ரைலியின் ஹெட்டுகள், க்ரேகர் ஹெட் எல்லாம் மாடல் டி-க்குப் பின் வந்த மாடல் ஏ, மாடல் பி இன்ஜின்களுக்காகவே வந்தவை.

1932இல் வி-8 வந்தது உண்மை. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். ஆனால் அதற்கான வேகப் பாகங்கள் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. நாலு சிலிண்டருக்கோ எல்லாம் கடையில் தயாராக இருந்தன. அதனால்தான் 1930களில் வேகப் போட்டி நடந்த கலிபோர்னியாவின் மியூராக் வறண்ட ஏரியில் மணிக்கு 100 மைலைத் தாண்டிய வண்டிகள் பலவற்றில் இந்த நாலு சிலிண்டர்தான் இருந்தது. 1937இல், வண்டிகளின் வேகத்தை அளந்து போட்டி நடத்தும் தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் தொடங்கியபோதும் ஏரிக்கு வந்தவர்களில் நிறையப் பேர் நாலு சிலிண்டர்காரர்களே. அந்த அமைப்பு இன்றும் பழைய நாலு சிலிண்டர் இன்ஜின்களுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

சரி, அந்த இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் லாயக்கு உண்டா இல்லையா என்று பேசிப் பயனில்லை. மாடல் ஏ இன்ஜின் 200.5 கன அங்குலம். போர் (சிலிண்டரின் விட்டம்) 3⅞ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 4¼ அங்குலம். கம்ப்ரஷன் (கலவையை அழுத்தும் விகிதம்) 4.22க்கு 1 மட்டுமே. நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன். கிராங்க்ஷாஃப்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். அந்த இடத்தில் கிராங்கின் தடிமன் 1⅝ அங்குலம்தான், அதிர்வைக் குறைக்கும் எதிர் எடையும் கிடையாது. எண்ணெய் பம்ப் எண்ணெயை வால்வு அறைக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து அது தானாக வழிந்து மெயின் பேரிங்குகளுக்குப் போகும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் கீழே தட்டில் நிற்கும் எண்ணெயை முக்கி முக்கி எடுத்துக்கொள்ளும். பேரிங் என்றால் இன்று நாம் வாங்கி மாட்டும் ஷெல் என்ற தனித் தகடு அன்று. ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி பிளாக்கிலேயே ஊற்றி, ஆறவிட்டு, அளவுக்குக் கடைந்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துக் கிராங்குக்குப் பொருத்த வேண்டும். இடைவெளி ஒரு தௌ, ஒன்றரை தௌ. அங்குலத்தை ஆயிரமாக வெட்டி அதில் ஒரு பங்குதான் எங்கள் பேச்சில் ஒரு தௌ.

நான் முதலில் செய்த இன்ஜினில் இதெல்லாம் தெரிந்தும் தவறினேன். பிளாக் நன்றாகவே இருக்கிறது என்று நம்பி, பழைய ஒயிட் மெட்டலை அப்படியே விட்டுவிட்டு, மேலே 6க்கு 1 கம்ப்ரஷன் ஹெட்டும் இரட்டைக் கார்புரேட்டரும் ஏற்றினேன். முதல் நாள் ஓட்டியபோது கிடைத்த இழுவையை இன்னும் மறக்கவில்லை. 400 மைல் தாண்டுவதற்குள் கீழேயிருந்து மந்தமாக ஒரு தட்டல் கேட்டது. மேட்டில் ஏறும்போது அதிகமாகும், காலை எடுத்தால் அடங்கிவிடும். பிரித்துப் பார்த்தால் நடு மெயின் பேரிங்கின் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்து எண்ணெய்த் தட்டில் கிடக்கிறது. எனக்கு முன்னால் யாரோ எங்கோ வார்த்த வேலை அது. பிளாக்கைப் போதிய அளவு சூடாக்காமல் ஊற்றியிருக்கிறார்கள். உலோகம் இரும்போடு சேர்ந்து அமரவே இல்லை. 40 குதிரைத்திறனை எப்படியோ தாங்கிக்கொண்டிருந்த பேரிங்கில் நான் கூடுதல் சுமையை ஏற்றிவிட்டேன். கிராங்கும் வீணானது. 27 ஆண்டுகள் ஊரார் கிராங்கையெல்லாம் அளந்தவன், என்னுடையதை அளக்காமல் விட்டேனே என்று பல நாள் வருந்தினேன்.

அதன் பிறகுதான் பக்கத்துத் தெருப் பெரியவரின் பழக்கம் கிடைத்தது. வயது 88. இளமையில் எல் மிராஜ் என்ற இன்னொரு வறண்ட ஏரியில் நாலு சிலிண்டர் வண்டி ஓட்டியவர். ஓடும் இன்ஜினில் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டிக் கேட்பார். ராடு தட்டுகிறதா, மெயின் தட்டுகிறதா, வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தமா என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். இரண்டாவது இன்ஜினுக்குப் புதுக் கார்புரேட்டர் வாங்கி வந்து பெட்டியோடு அவரிடம் காட்டினேன். வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, "கிராங்க் எத்தனை தௌ வளைந்திருக்கிறது என்று சொல், பிறகு எடுத்துத் தருகிறேன்" என்றார். அது கீழே இறங்க ஐந்து மாதம் ஆனது.

அந்த ஐந்து மாதத்தில் கற்றதைத்தான் இன்றும் செய்கிறேன். பிளாக்கைக் கழுவியதும் முதல் வேலை விரிசல் தேடுவது. காந்தமேற்றி இரும்புத் தூளைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் தூள் கோடாகப் போய் ஒட்டும். இந்த இன்ஜினில் அது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் பக்கம் ஓடும். குளிர்காலத்தில் தண்ணீரை இறக்காமல் விட்ட வண்டியாக இருந்தால் வெளிச்சுவரிலும் இருக்கும். விரிசலைப் பார்த்ததும் பிளாக்கைத் தூக்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். விரிசல் நெடுக ஒன்றோடொன்று கோத்தாற்போல் துளையிட்டு, மரை வெட்டிய ஊசிகளை முடுக்கித் தைத்துவிடலாம். வெல்டிங்கின் சூடு படாததால் வார்ப்பிரும்பு மேலும் வெடிக்காது. என் மூன்றாவது இன்ஜினில் அப்படி 14 ஊசிகள் இருக்கின்றன. இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்ததில்லை.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் வேலையில் ஆசையை அடக்க வேண்டும். 125 தௌ எடுத்தால் போர் சரியாக 4 அங்குலமாகி, கொள்ளளவு 213 கன அங்குலத்தைத் தாண்டும். நான் 80 தௌவிலேயே நின்றுவிடுவேன். 90 ஆண்டுத் துரு உள்ளேயிருந்து சுவரை எவ்வளவு தின்றிருக்கிறது என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஐந்து கன அங்குலத்துக்காக ஒரு பிளாக்கை இழக்க எனக்கு மனம் வராது.

பேரிங் விஷயத்தில் ஏரிக்காரர்களிடையே இன்றும் சண்டை உண்டு. என் கருத்து இதுதான்: மூல ஹெட்டோடு நிதானமாக ஓடப்போகும் இன்ஜினுக்கு, கைதேர்ந்தவர் வார்த்த ஒயிட் மெட்டல் போதும். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவதால், அவர்களிடம் வேலை கொடுப்பதே அதைக் காப்பாற்றும் வழி. கம்ப்ரஷனைக் கூட்டி 4,000 சுற்று ஓட்ட நினைப்பவர் பிளாக்கை லைன் போரிங் செய்து (மெயின் பேரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் கடைந்து) ஷெல் பேரிங் போடட்டும். எதிர் எடை உள்ள கிராங்கை வைத்து, அதைத் துளைத்து ராடு வரைக்கும் அழுத்தத்தோடு எண்ணெய் கொடுக்கட்டும். 4,000 சுற்றில் இந்த நீண்ட ஸ்ட்ரோக் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் 2,800 அடிக்கு மேல் ஓடுகிறது. தட்டில் முக்கி எடுக்கும் எண்ணெய் அதற்கு எப்படிக் காணும்? ஃபோர்டு கம்பெனிக்கே இது தெரிந்திருந்தது. 1932 மாடல் பி-யில் மெயினை 2 அங்குலமாகத் தடிப்பாக்கி, அழுத்த எண்ணெய் கொடுத்து, 50 குதிரைத்திறன் எடுத்தார்கள். பிறகு கிராங்குக்கு எதிர் எடையும் சேர்த்தார்கள். மாடல் ஏ-யில் கிராங்கின் பின்முனையில் சுழலும் ஃப்ளைவீல் 63 பவுண்டு எடை. அதை லேத்தில் ஏற்றி 40 பவுண்டுக்குக் குறைத்தாலே பின் மெயினுக்கு மூச்சு வரும். ராடுகளைத் தலை தனி, கால் தனியாக நிறுத்துச் சமன் செய்ய எனக்கு இரண்டு முழு நாள் பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் ஹெட், கேம், கார்புரேட்டர். அங்கேயும் இந்த இன்ஜினுக்குச் சொந்தமான ஒரு சிக்கல் உண்டு. நாலு சிலிண்டருக்கு இன்டேக் வழி (கலவை உள்ளே போகும் வழி) இரண்டுதான். 1-ம் 2-ம் ஒன்றில் குடிக்கும், 3-ம் 4-ம் மற்றதில். எரியும் வரிசையோ 1-2-4-3. அதனால் ஒரே வழியில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து உறிஞ்சுகின்றன, பிறகு அந்த வழி சும்மா கிடக்கிறது. இரண்டுக்கும் சமமாகக் கலவை போகாது. வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும் கேமைப் போட்டால் இது இன்னும் மோசமாகும். நூறாண்டுக்கு முன் ஃப்ரான்டெனாக், ராஜோ, ரைலி ஹெட் செய்தவர்களெல்லாம் கணினி இல்லாமல், வெட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி வெட்டி இப்படிப்பட்ட முடிச்சுகளைத்தான் அவிழ்த்தார்கள். ஹாட் ராட் என்பதே அந்த வேலைதான். வி-8காரர்கள் அதை இவர்களிடமிருந்துதான் பெற்றுக்கொண்டார்கள்.

பழைய இன்ஜினைத் திருத்துவதே அதன் பழமையைக் கெடுப்பது என்று சிலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மாற்றுவதற்காகவே வாங்கப்பட்ட இன்ஜின்கள் இவை. 1930இல் ஒரு பையன் வின்ஃபீல்ட் கேமைப் போட்டதும் இன்று நான் எதிர் எடை போடுவதும் ஒரே கைத்தொழிலின் தொடர்ச்சி. பிளாக்கையே கழற்றி எறிந்துவிட்டு வேறு இன்ஜினைத் திணிப்பதும் ஒருவரின் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். அதைப் 'பழமை மாறாமல்' என்று மட்டும் எழுத வேண்டாம்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அந்தப் படக்குறிப்புக்கு வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் இதே கட்டுரையாளரைக் கொண்டே நாலு சிலிண்டர் இன்ஜின்களைப் பற்றி இன்னொரு பக்கம் எழுத வையுங்கள். எல் மிராஜுக்கு அவர் வர முடிந்தால் நானே அழைத்துச் செல்கிறேன். என் 1931 பிளாக்குக்கு லைன் போரிங் முடிந்துவிட்டது, கிராங்க் அடுத்த வாரம் உட்காருகிறது. முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பெரியவர் குச்சியோடு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற கிராங்க் கிரைண்டர்,
கலிபோர்னியா