சுண்ணாம்புக் கோடு போடாமல் சுவர் எழுப்பாதீர்கள்

செயலி செய்து தரச் சொல்லி ஒப்பந்தப்புள்ளி கோரும் அரசுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வீடு கட்டும் மனையில் நீங்களும் நின்றிருப்பீர்கள். மேஸ்திரி முளையடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியைத் தூவிக் கோடு போடுவார். "இது சமையலறை" என்பார். வீட்டுக்கார அம்மாள் அந்தக் கோட்டுக்குள் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துவிட்டு, "கிரைண்டரை எங்கே வைப்பது?" என்று கேட்பார். காலால் கோட்டை அழித்துவிட்டு இரண்டடி தள்ளிப் போடுவார்கள். செலவு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு. அதே கேள்வியை அவர் தளம் போட்ட பிறகு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செயலிக்கும் அப்படி ஒரு சுண்ணாம்புக் கோடு உண்டு. எங்கள் தொழிலில் அதை வயர்ஃபிரேம் என்போம். நிறமும் படமும் இல்லாமல், எந்தத் திரையில் எந்தப் பெட்டி, எதைத் தொட்டால் அடுத்து எது என்று மட்டும் காட்டும் கோட்டுப்படம். அந்தத் திரைகளைக் கோத்து, தொட்டால் நகரும்படி செய்துவிட்டால் அது புரோட்டோடைப். உள்ளே ஒரு வரி நிரல்கூட இருக்காது. இப்படித் திரை வரைவதுதான் என் பிழைப்பு. உங்களிடம் நேரடியாக ஒப்பந்தம் எடுப்பவன் அல்லன். எடுத்தவரிடம் உள்குத்தகை வாங்குபவன். அதனால்தான் இதை எழுதும் துணிச்சல் வந்தது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

துறையின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். உழவர்கள் நில விவரத்தைப் பதிந்து மானியம் கேட்பதற்கான செயலி. எட்டு மாதம் நிரல் எழுதினார்கள். நான் உள்ளே வந்தது ஏழாம் மாதத்தில், "கொஞ்சம் அழகுபடுத்திக் கொடுங்கள்" என்ற வேண்டுகோளோடு. அதுவரை நடந்த ஆய்வுக் கூட்டங்களில் பேசப்பட்டவை இலச்சினையின் அளவும் பச்சையின் அடர்த்தியும்தான் என்று கூட்டக் குறிப்புகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

செயலி வெளிவந்த வாரத்தில் ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் வந்தார். முதல் திரையே 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டிகளைக் காட்டியது, இரண்டும் கட்டாயம். நம் ஊரில் யாருக்கு ஐயா கடைசிப் பெயர் இருக்கிறது? தலைப்பெழுத்து இருக்கிறது, அதுவும் முன்னால் இருக்கிறது. மையத்துப் பையன் தலைப்பெழுத்தைக் கடைசிப் பெயராக அடித்தான். 'குறைந்தது மூன்று எழுத்துகள் தேவை' என்றது செயலி. அவன் மூன்று புள்ளிகளை வைத்தான், ஏற்றுக்கொண்டது. அடுத்தது நிலத்தின் பரப்பு. அம்மாள் "அறுபது சென்ட்" என்றார். பையன் 60 என்று அடித்தான். பெட்டியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் 'ஹெக்டேர்' என்று இருந்ததை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்தச் சாம்பல் நிறம் நான் கொடுத்தது. 60 சென்ட் என்பது 0.24 ஹெக்டேர். இரண்டு ஹெக்டேருக்கு மேல் போனாலே சிறு உழவர் கணக்கில் வரமாட்டார். 60 ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட நூற்றைம்பது ஏக்கருக்கு ஒரு பண்ணையார். 'தாங்கள் தகுதியற்றவர்' என்று செயலி பணிவோடு தெரிவித்தது.

இதைச் சரிசெய்ய ஆன கதை தனி. ஹெக்டேர் பெட்டியோடு சென்ட், ஏக்கர் என்று தேர்வு வைப்பது தாளில் ஒரு பென்சில் கோடு. நிரல் முடிந்த பிறகோ தரவுத்தளம், மாவட்ட அறிக்கை, எஸ்எம்எஸ் வாசகம், கைப்பேசிக்கு மறுபடியும் புதுப் பதிப்பு என்று தொட்ட இடமெல்லாம் மாற்றம். 'கூடுதல் வேலை' என்று நிறுவனம் தனியாகப் பில் போட்டது. துறை கொடுத்தது. தவறு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகு வேறொரு வேலையில், யாரையும் கேட்காமல், ஒன்று செய்து பார்த்தேன். திரைகளை ஏ4 தாளில் வரைந்து, கைப்பேசி அளவுக்கு வெட்டி, ரேஷன் கடைத் திண்ணையில் பரப்பினேன். வரிசையில் நின்றவர்களில் ஐந்து பேர் ஒவ்வொருவராக வந்து விரலால் தாளைத் தொட்டார்கள். தொட்டதற்கேற்ப அடுத்த தாளை எடுத்து வைப்பது என் வேலை. அதாவது நான்தான் கணினி. முதலாமவர் தலைப்பைப் பொத்தான் என்று நினைத்து மூன்று முறை அழுத்தினார். இரண்டாமவர் கீழ்நோக்கிய சிறு முக்கோணத்தைப் பார்த்து "இது என்ன?" என்றார்; பட்டியல் திறக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'சமர்ப்பி' என்பதை மூன்று பேர் தாண்டிப் போய் 'அனுப்பு' எங்கே என்று தேடினார்கள். ஓடிபி தாளை வைத்ததும் நான்காமவர் சிரித்தார்: "அந்த நம்பர் திருப்பூரில் மகனிடம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து அவன் எட்டு மணிக்குத்தான் போனை எடுப்பான்." நாங்கள் ஓடிபியை அடிக்கக் கொடுத்திருந்த கெடு பத்து நிமிடம். எந்த மென்பொருள் இதை எனக்குச் சொல்லியிருக்கும்?

ஐந்து பேர் போதுமா என்று கேட்பீர்கள். மென்பொருள் பயன்பாட்டை ஆராய்ந்த யாகோப் நீல்சனும் டாமஸ் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்கின்படி, ஐந்து பேரிடம் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு தெரிந்துவிடும். ஐவரும் ஒரே வகைப் பயனராக இருந்தால்தான் இது பொருந்தும். உழவர் ஐந்து பேர் என்றால் கிராம நிர்வாக அலுவலர் ஐந்து பேர் தனி. அவர்களும் அந்தச் செயலியோடு மல்லாடுகிறவர்கள்தானே. வரைவதற்கு முன்பே சோதித்தவர்களும் உண்டு. 1996இல் வந்த பாம் பைலட் கையடக்கக் கருவியைத் திட்டமிட்டபோது, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு, கூட்டங்களில் அதை எடுத்துக் குச்சியால் குறிப்பெழுதுவதுபோல நடித்துக்கொண்டிருந்தார்.

தாள் வேண்டாம், கணினியில்தான் வேண்டும் என்றால் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2008இல் வந்த பால்சமிக், கையால் கிறுக்கியதுபோலவே கோடு போடும். அது வேண்டுமென்றே செய்தது. கிறுக்கலாக இருந்தால் யாரும் நிறத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஃபிக்மா உலாவியிலேயே திறக்கும். இணைப்பை அனுப்பினால் நீங்கள் உங்கள் கைப்பேசியிலேயே தொட்டுப் பார்த்து, தவறான இடத்தில் குறிப்பு எழுதலாம். தரவு வெளியே போகக்கூடாது என்றால் பென்பாட் இருக்கிறது. திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்; உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று ஒன்றிய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கையே சொல்கிறது. எதில் வரைந்தாலும் மூலக் கோப்பு துறையிடம் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் பலரும் பயன்படுத்திய இன்விஷன் என்ற புரோட்டோடைப் கருவி 2024 முடிவோடு கடையை மூடிவிட்டது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: முதல் கோட்டையே தமிழில் போடச் சொல்லுங்கள். இப்போது ஆங்கிலத்தில் வரைகிறோம், கடைசி வாரத்தில் மொழிபெயர்க்கிறோம். 'சேவ்' என்று இருந்த இடத்தில் 'சேமி' அடங்கிவிடும். 'சப்மிட்' இருந்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' பொத்தானைவிட்டு வழியும். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் 'கி', 'கீ' மீதுள்ள மேல்விலங்கின் தலை வெட்டுப்படும், 'கூ' கால் இழந்து நிற்கும். இவையெல்லாம் தமிழில் வரைந்தால் முதல் நாளே கண்ணில் படும்.

நான் படித்த ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் நிறுவனத்தின் ஆண்டு வரவு எவ்வளவு இருக்க வேண்டும், சர்வர் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. நிரல் தொடங்குமுன் திரைகளை வரைந்து, பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துப் பார்த்து, அவர் எங்கே திணறினார் என்று எழுதித் தர வேண்டும் என்ற வரி இல்லை. அந்த வரியைச் சேருங்கள். அதற்கென்று ஒரு தவணைத் தொகையையும் ஒதுக்குங்கள். பணம் ஒதுக்காத வேலையை எந்த நிறுவனமும் செய்யாது.

கோட்டுப்படத்தால் ஆகாதவையும் உண்டு. ஒரே நாளில் இலட்சம் பேர் வந்தால் சர்வர் தாங்குமா என்று அது சொல்லாது. மலைக் கிராமத்தில் சிக்னல் கிடைக்குமா என்றும் சொல்லாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: புரோட்டோடைப்பை அளவுக்கு மீறி மெருகேற்றிக் காட்டிவிட்டால் செயலியே முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஒருமுறை என் திரைகள் நகர்வதைப் பார்த்த ஓர் அதிகாரி, "பிரமாதம், வெள்ளிக்கிழமை திறப்பு விழா வைத்துவிடலாமா?" என்று கேட்டார். அன்று முதல் கறுப்பு வெள்ளையில்தான் காட்டுகிறேன்.

உங்கள் அடுத்த ஒப்பந்தப்புள்ளி முன்கூட்டத்துக்கு யாராவது ஒரு நிறுவனத்தின் ஆளாக நானும் வருவேன். கையில் ஒரு கத்தரிக்கோலும் நாற்பது தாள்களும் இருக்கும். தேநீர்க் கோப்பைகளைச் சற்றுத் தள்ளி மேசையில் இடம் விட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் செயலிகளுக்குத் திரை வரைபவன்