மூன்றாவது வாரப் பயிற்சியைக் காட்டுங்கள்

தொடக்கநிலை நிரலாக்க வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நிரல் எழுதுவது என் பிழைப்பு. அதனாலேயே என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "புதுசா கோடிங் கத்துக்கணும், எந்த கோர்ஸ்ல சேரலாம்?" கேட்பவர் கல்லூரி மாணவராக இருக்கலாம், நாற்பது வயதில் வேறு துறைக்கு மாற நினைப்பவராக இருக்கலாம். கூடவே உங்கள் வகுப்பின் சுட்டியையும் அனுப்பிவிடுவார்கள். திறந்து பார்க்கிறேன். எத்தனை மணி நேர வீடியோ, எத்தனை பாடங்கள், என்ன சான்றிதழ், முடித்தவர்களின் பாராட்டு, இன்று இரவோடு முடிகிற தள்ளுபடி, எல்லாம் இருக்கிறது. சேர்ந்தவர் தன் கையால் என்ன எழுதப் போகிறார் என்பது மட்டும் இல்லை. அது தெரியாமல் நான் எதை வைத்துப் பதில் சொல்வது?

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வகுப்பின் மூன்றாவது வாரப் பயிற்சியை, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வையுங்கள்.

பாடத்திட்டம்தான் இருக்கிறதே என்பீர்கள். பாடத்திட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். வேரியபிள், நிபந்தனை, லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது), ஃபங்ஷன், லிஸ்ட், கோப்பு படித்தல். நூறு வகுப்புகளின் பட்டியலைக் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. வித்தியாசம் பயிற்சியில் இருக்கிறது. 'லூப்' என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒரு வகுப்பு, 1 முதல் 10 வரை அச்சிடச் சொல்கிறது. வீடியோவில் ஆசிரியர் அடித்ததையே பார்த்து அடித்தால் போதும், வேலை முடிந்தது. இன்னொரு வகுப்பு ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் மிக நீளமான சொல் எது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறது. இப்போது மாணவர் யோசித்தாக வேண்டும். இதுவரை பார்த்ததில் நீளமானதை எங்கே வைத்துக்கொள்வது? தொடக்கத்தில் அங்கே என்ன இருக்கும்? ஒரே நீளத்தில் இரண்டு சொற்கள் வந்தால்? நிரலாக்கம் என்பது இந்தத் திணறல்தான். முதல் வகுப்பில் தட்டச்சுப் பயிற்சி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பயிற்சியைப் பார்த்தால் எழுதியவருக்குச் சொல்லித்தரத் தெரியுமா என்பதும் தெரிந்துவிடும். பைத்தான் மொழி கற்பவர் தொடக்கத்திலேயே இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரல் ஒன்றை எழுதுவார். 2, 3 என்று கொடுப்பார். 5 வர வேண்டிய இடத்தில் 23 என்று வந்து நிற்கும். தட்டச்சு செய்வதை வாங்கும் 'இன்புட்' கட்டளை எதை வாங்கினாலும் அதை எழுத்துச் சரமாகத்தான் தரும். இரண்டு சரங்களைக் கூட்டினால் ஒன்றின் வாலில் இன்னொன்று ஒட்டிக்கொள்ளும். இன்ட் ஃபங்ஷனைப் போட்டு எண்ணாக மாற்றினால் சரியாகிவிடும். இதைத் தெரிந்த ஆசிரியர்கள் பலர் வீடியோவில் முதலிலேயே இன்ட் போட்டு எழுதிக் காட்டிவிடுகிறார்கள். நிரல் அழகாக ஓடுகிறது, மாணவர் தலையாட்டுகிறார். பிறகு சொந்தமாக எழுதும் நாளில் 23 வந்து நிற்கும்போது அவருக்கு எங்கே தேடுவது என்றே தெரியாது. நல்ல ஆசிரியர் அந்த 23-ஐ வேண்டுமென்றே வரவழைப்பார். ஏன் இப்படி என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் விட்டுவைப்பார். இந்த வித்தியாசம் அரைப் பக்கப் பயிற்சித் தாளில் பளிச்சென்று தெரியும். எத்தனை மணி நேர முன்னோட்ட வீடியோ பார்த்தாலும் தெரியாது.

ஏன் மூன்றாவது வாரம்? முதல் வாரம் எல்லா வகுப்பும் நன்றாகத்தான் இருக்கும். திரையில் வணக்கம் அச்சாகும், எல்லோருக்கும் சந்தோஷம். லூப்பும் லிஸ்ட்டும் ஃபங்ஷனும் ஒரே நிரலில் சேரும் இடத்தில்தான் ஆட்கள் கழன்று போகிறார்கள். உங்கள் வகுப்பில் அது நான்காவது வாரம் என்றால் அதையே காட்டுங்கள், சண்டை இல்லை.

இது நடக்காத காரியமும் இல்லை. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற தொடக்கநிலைக் கணினி வகுப்பின் வாரப் பயிற்சிகளைப் பதிவு செய்யாமலேயே யாரும் படிக்கலாம். தொடக்க வாரத்தில், கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதும் ஸ்கிராட்ச். அடுத்த வாரமே சி மொழிக்குப் போய், # குறிகளை அடுக்கி ஒரு பிரமிடு வரையச் சொல்வார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு "இது எனக்கு ரொம்பக் கடினமாக இருக்கிறது" என்று ஒருவர் ஒதுங்கினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. "அட, இது வேண்டும்" என்று வருபவர் தெரிந்தே வருகிறார். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் நிரலாக்க வகுப்பிலும் பாடமும் பயிற்சியும் கலந்து எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் ஓபன்கோர்ஸ்வேர் தளத்தில் பயிற்சித் தாள்களைப் போட்டுவைத்திருக்கிறது. இதனால் இவர்களிடம் படிக்க ஆள் வராமல் போய்விடவில்லை.

அவர்கள் பெரிய நிறுவனங்கள், இலவசமாகக் கொடுக்க வசதி இருக்கிறது, நாங்கள் இதை நம்பிப் பிழைக்கிறோம் என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். அதனால்தான் எல்லாவற்றையும் கேட்கவில்லை. ஒரே ஒரு தாள். அதை முடிக்க ஒரு புதியவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற உண்மையான மதிப்பீடு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தத் தாளோடு வேறு சில தகவல்களையும் வைத்தால் கோபிக்க மாட்டேன். 'முன் அனுபவம் தேவையில்லை' என்று எல்லோரும் போடுகிறீர்கள். ஆனால் முதல் நாளே டெர்மினலைத் திற, இதை நிறுவு, பாத் அமை என்று வரிசையாக வருகிறது. கோப்புறைக்குள் கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்று தெரியாதவர்களும் புதியவர்கள்தானே? அவர்களுக்கு இடம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுங்கள். இல்லை என்றாலும் தவறில்லை. கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர் படிக்க முடியுமா என்பதும் அதே வகைதான்.

அப்புறம், பாடம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற தேதி. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்து வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இருக்காது. அப்படியே பார்த்து அடித்தால் இன்றைய பைத்தான் பிழை காட்டும். அனுபவசாலிக்கு அது ஒரு நொடி வேலை. புதியவரோ தனக்குத்தான் புத்தி இல்லை என்று நினைத்துக்கொள்வார். பழைய வீடியோவை வைத்திருங்கள், மேலே தேதி எழுதி வையுங்கள்.

எந்த மொழியில் தொடங்குவது என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. அறிவியல் படிக்காத மாணவர்களும் எழுதும்படி அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 1964-இல் பேசிக் மொழி உருவானதிலிருந்து அந்தச் சண்டை நடக்கிறது. பைத்தானோ ஜாவாஸ்கிரிப்ட்டோ, பயிற்சி நன்றாக இருந்தால் இரண்டும் சரி.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வார்த்தை. இன்று எந்தத் தொடக்கநிலைப் பயிற்சியை ஒட்டினாலும் ஒரு நொடியில் விடை வந்துவிடும். அதை உங்கள் வகுப்பில் எப்படி நடத்துகிறீர்கள் என்று பெரும்பாலான அறிமுகப் பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை. சிஎஸ்50 2023-இல், விடையை நேராகத் தராமல் வழிகாட்ட முயலும் உதவிக் கருவி ஒன்றைத் தன் மாணவர்களுக்குக் கொண்டுவந்தது. நீங்களும் கருவி செய்ய வேண்டாம். அனுமதி உண்டா, எதற்கு உண்டு, மாட்டிக்கொண்டவருக்கு மனிதர் யாராவது பதில் சொல்வார்களா, எத்தனை மணி நேரத்தில் சொல்வார்கள், இவ்வளவுதான் தெரிய வேண்டும். 'வாழ்நாள் ஆதரவு' என்ற இரண்டு சொல் இதற்குப் பதில் ஆகாது.

பாதியில் நின்றவர்கள் எல்லோரும் உங்களால்தான் நின்றார்கள் என்று நான் சொல்லவில்லை. 2012-இல் எம்ஐடி நடத்திய முதல் இணைய வகுப்பு மின்சுற்றுகளைப் பற்றியது. அதில் பதிவு செய்தவர்கள் ஏறக்குறைய 1,55,000 பேர், தேறியவர்கள் 7,000-க்குச் சற்று மேல். எட்டிப் பார்க்க வந்தவர்கள் அதில் ஏராளம். இலவச வகுப்பில் எட்டிப் பார்ப்பதற்குச் செலவில்லை. உங்கள் வகுப்பில் எட்டிப் பார்க்கவே முழுக் கட்டணம் ஆகிறது, அதுதான் என் குறை.

இதைப் படிக்கும் யாராவது தங்கள் தாளை வெளியே வைத்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். அடுத்து யோசனை கேட்பவரிடம், இந்தப் பயிற்சியை ஒரு நாள் முயன்று பார், பிடித்திருந்தால் சேர் என்று அந்தச் சுட்டியை அனுப்பிவிடுகிறேன். விளம்பரத்துக்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
எந்த கோர்ஸ் என்று கேட்கப்படும் நிரலாளர்களில் ஒருவர்