மணிக்கட்டில் மூன்று விரல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழத் தொடங்கிவிட்டாள் என்று படித்து மகிழ்ந்தேன். முழங்கால் வலிக்கு மாத்திரையை மட்டும் நம்பாதே, நட.

எங்கள் மருத்துவமனைச் செய்தியைக் கேட்டிருந்தாய். கொரோனா காலத்தில் நர்சிங் படித்த பிள்ளைகள் சிலர் என் வார்டில் வேலை பார்க்கிறார்கள். சென்ற வாரம் ஒரு பெரியவருக்கு மயக்கம் வந்தது. ஓடிவந்த பெண் நேராக மானிட்டரைப் பார்த்தாள். விரலில் மாட்டிய சென்சார் கழன்று கிடந்ததால் திரையில் எண் இல்லை. திகைத்து நின்றுவிட்டாள். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு விசாரித்தால், இரண்டாம் ஆண்டில் பெரும்பகுதியை வீட்டில் செல்போனிலேயே படித்தவளாம். அவளை எப்படிக் குற்றம் சொல்வேன்?

நாம் முதலாம் ஆண்டிலேயே உடம்பு துடைத்து, படுக்கை விரித்து, பெட்பேன் வைத்து, மூத்த சிஸ்டர்களிடம் திட்டு வாங்கித்தானே கை பழகினோம்? நம் செவிலியர் பணிக்கு முன்னோடியான நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு ஆனதையொட்டி, 2020ஐச் செவிலியர், மருத்துவச்சிகளின் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அந்த ஆண்டில்தான் இவர்களுக்கு வார்டுக் கதவு சாத்தப்பட்டது.

டாக்டர்களின் நிலைமையும் அதுதான். அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போனதால், எலும்பு முறிவுப் பிரிவில் மேற்படிப்புக்கு வந்தவர்களும் கொரோனா வார்டில்தான் நின்றார்கள். 2021இல் நீட் முதுநிலைத் தேர்வு ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குப் போனது. கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. அதுவரை புதியவர்கள் வரவில்லை, இருந்தவர்களே அவர்கள் வேலையையும் சுமந்தார்கள்.

நாங்கள் கற்றதும் உண்டு. வாயில் குழாயோடு கிடக்கும் கனத்த உடம்பை ஐந்து பேர் சேர்ந்து, குழாய் நழுவாமல் குப்புறப் படுக்கவைக்க ஐம்பது வயதுக்குமேல்தான் கற்றேன். இரட்டைக் கையுறையோடு நரம்பைத் தடவிக் கண்டுபிடிக்கவும் கற்றேன். என்னைவிட நன்றாகக் கற்றவர்கள் ஒப்பந்தத்தில் வந்த இளம் நர்ஸ்கள். 2022 டிசம்பரோடு அவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கையிலிருந்த வித்தையும் கூடவே போயிற்று. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது மதிய ஷிஃப்ட் மாறுவதற்கு முன் அரைமணி நேரம் பிள்ளைகளைப் படுக்கையருகே நிறுத்திச் சொல்லித்தருகிறேன். அந்தப் பெண்தான் முதல் ஆளாக வருகிறாள். நீ இருபது வருடம் நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லித்தந்தவள். ஒரு வாரம் வந்து என் வீட்டில் தங்கு. உன் பழைய செய்முறை நோட்டையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் தோழி